மொரிஷியசில் ஐந்து நாள்: காற்றைக் கேட்டுப் போடும் திட்டம்

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து மொரிஷியசின் கத்ர் போர்ன் ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஊரிலிருந்து யாராவது வந்து இறங்குவார்கள். எல்லோர் கையிலும் ஒரு தாள் இருக்கும். அதில் பதினாறு, பதினேழு இடங்கள் எழுதியிருக்கும். "நான்கு இரவு, ஐந்து பகல்தான் இருக்கிறது, ஒன்றையும் விட்டுவிடக் கூடாது அக்கா" என்பார்கள். நான் அந்தத் தாளை வாங்கி மடித்து, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவேன்.

இந்தத் தீவு ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம். வரைபடத்தில் பார்த்தால் காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு என்று சுற்றிவிடலாம் போலத் தோன்றும். சுற்றலாம்தான். ஆனால் பார்த்தது பெரும்பாலும் கரும்புத் தோட்டமும், முன்னிருக்கையின் பின்பக்கமும், ரவுண்டானாக்களுமாக இருக்கும். பதினோரு ஆண்டுகளாக விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு அலைந்து நான் கண்டுகொண்டது இதுதான்: இங்கே திட்டத்தை இடங்களை வைத்துப் போடக் கூடாது, காற்றை வைத்தும் காலைப்பொழுதை வைத்தும் போட வேண்டும். மலை ஏறுவதானால் வெயிலுக்கு முன்பு. கடலில் இறங்குவதானால் நண்பகலுக்கு முன்பு. எந்தக் கரை என்பதைக் காற்று சொல்லும்.

எந்த மாதம், எந்தக் கரை

இங்கே பருவங்கள் நம் ஊருக்குத் தலைகீழ். மே முதல் அக்டோபர் வரை குளிர்ந்த, உலர்ந்த காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும். புயல் பயம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை அதிகம். புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை படிப்படியாக ஏறும். மூன்று வந்துவிட்டால் கடைகள், பஸ்கள், படகுகள் எல்லாம் நின்றுவிடும். ஐந்து நாள் பயணத்தில் இரண்டு நாள் அறைக்குள் சீட்டு விளையாட நேர்ந்தால் வயிறு எரியும். ஆகவே நீரிலும் மலையிலும் ஆடிப்பாட வருகிறவர்களுக்கு அக்டோபர், நவம்பர்தான் என் முதல் பரிந்துரை. கடல் சூடேறத் தொடங்கியிருக்கும், காற்று தணிந்திருக்கும். பள்ளி விடுமுறையைப் பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் பரவாயில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று ஓங்கி வீசும். அந்த மாதங்களில் கிழக்குக் கரை பட்டம் பிடித்து அலைமேல் ஓடுகிறவர்களுக்கு உகந்தது, நமக்கு ஆகாது. நடுவிலிருக்கும் மலைகள் காற்றையும் மழையையும் தடுத்துவிடுவதால் மேற்குக் கரை அப்போதும் வெயிலில் கிடக்கும். உயரத்தில் இருக்கும் கியூர்பிப்பில் குடை பிடித்துக்கொண்டு கிளம்பி, முக்கால் மணி நேரத்தில் ஃபிளிக் என் ஃபிளாக்கில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்குவது எங்களுக்கு அன்றாடம். கைபேசியில் "மொரிஷியஸ்" என்று போட்டு வானிலை பார்ப்பதால் பயனில்லை. ஊரின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் மூன்றாவது ஆண்டில், ஓர் ஆகஸ்ட் மாதம், பெரியம்மாவையும் பெரியப்பாவையும் கிழக்கே ஈல் ஓ செர் தீவுக்கு அழைத்துப் போனேன். படகுக்காரர் "கொஞ்சம் தெறிக்கும், அவ்வளவுதான்" என்றார். திரும்பி வரும்போது எதிர்க்காற்று. ஒவ்வோர் அலையும் ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றியது. பெரியம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, கரை வரும்வரை கந்தசஷ்டிக் கவசத்தை விடாமல் சொன்னார். கரையில் இறங்கி அவர் கேட்ட முதல் கேள்வி: "இதற்குக் காசு வேறு கொடுத்தாயா?"

ஒரே இடத்தில் தங்குங்கள்

இரண்டு இரவு இங்கே, இரண்டு இரவு அங்கே என்று ஹோட்டல் மாற்றினால் அரை நாள் பெட்டி கட்டுவதிலேயே போகும். குளிர்காலத்தில் மேற்குக் கரையில் ஃபிளிக் என் ஃபிளாக் அல்லது தாமரின். கோடைக்காலத்தில் வடக்கே துரூ ஓ பிஷ் அல்லது கிராண்ட் பே பக்கமும் நன்றாக இருக்கும். கீழே நான் சொல்லும் திட்டம் மேற்குக் கரையில் தங்குகிறவர்களுக்கானது. குடும்பமாக வருகிறவர்கள் சமையலறையோடு கூடிய அடுக்குமாடி வீட்டை எடுப்பது நல்லது. அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் இங்கே கிடைக்கும். ஊரிலிருந்து மூட்டை கட்ட வேண்டாம்.

விமானம் ஏறுமுன்

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் உறுதிச்சீட்டு, கையில் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று மூன்றும் வேண்டும். அரசின் இணையவழிப் பயணப் படிவத்தை ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். மின்செருகி பிரிட்டிஷ் வகை, தட்டையான மூன்று முனை. நம் உருண்டை முனை நுழையாது. வாகனம் இடப்பக்கமே ஓடுவதால் கார் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டலாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை எடுத்து வாருங்கள். வேகக் கேமராக்கள் நிறைய.

இவற்றையெல்லாம் விட முக்கியம், கடலுக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் காலணி. சிரிக்காதீர்கள். என் தம்பி முதல் நாளே வெறுங்காலோடு இறங்கி, பாறையிடுக்கில் கடல் முள்ளெலிமேல் கால் வைத்தான். கறுப்பு முட்கள் குதிகாலில் மிளகு தூவியதுபோல் ஒடிந்து நின்றன. மருத்துவர் ஒரு விளக்கை அருகில் இழுத்து வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. மீதி நாட்கள் அவன் மொட்டைமாடியிலிருந்து கடலைப் பார்த்தான். முள்ளெலியாவது வலியோடு விடும். கல்மீன் என்று ஒன்று இருக்கிறது, இங்கே லாஃப் என்பார்கள். பார்வைக்குப் பாசி படிந்த கல். முதுகு முள்ளில் கடும் விஷம். குத்தினால் உடனே மருத்துவமனைதான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விமான நிலையத்தில் மாற்றியதும் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். மதிப்பு ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுதியிருக்கும். 1998-ல் தமிழைக் கீழே தள்ளி அச்சிட்ட நோட்டுகள் வெளிவந்தபோது இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மறுபடி அச்சாயின. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், இத்தீவுத் தமிழர். தமிழில் பேசத் தெரியாத என் நாத்தனாரும் அந்த எழுத்தை விரலால் தடவிக் காட்டுவார்.

முதல் நாள்: ஒன்றும் செய்யாதீர்கள்

விமான நிலையம் தென்கிழக்கு மூலையில். மேற்குக் கரைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவெல்லாம் விழித்து வந்த குழந்தைகளை வழியில் நாலு இடம் காட்டுகிறேன் என்று இழுக்க வேண்டாம். அறைக்குப் போய்த் தூங்கி, மூன்று மணிக்கு எழுந்து கடற்கரைக்கு நடங்கள். பவளப்பாறை வளையம் தீவைப் பெரும்பாலும் சுற்றியிருப்பதால் கரையோரக் கடல் குளம்போல் அமைதியாக இருக்கும். ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் சீக்கிரமே போய்விடுங்கள். பல கடைகள் சீக்கிரமே கதவைச் சாத்திவிடும்.

இரண்டாம் நாள்: லெ மோர்ன் மலை

பயணத்தின் உச்சம் இதுதான். கால்கள் புதிதாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். 556 மீட்டர் உயரம். கடலிலிருந்து நேரே எழுந்து நிற்கும் பாறை. அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடியவர்கள் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. விடுதலைச் செய்தி சொல்ல வந்த காவலர்களைக் கண்டு, பிடிக்க வருகிறார்கள் என்று அஞ்சிப் பலர் மேலிருந்து குதித்ததாக இங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். 2008-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

வாயில் திறந்ததும் உள்ளே இருங்கள். அங்கே பெயர் எழுதிவிட்டு நடக்கத் தொடங்கினால், முதல் ஒரு மணி நேரம் அகலமான மண்பாதை. பத்து வயதுப் பிள்ளையும் ஏறலாம். வலப்பக்கம் கடலின் நிறம் பச்சையிலிருந்து நீலத்துக்கும், பாறை வளையத்துக்கு அப்பால் மைநீலத்துக்கும் மாறுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். பாதை முடியும் இடத்தில் ஒரு சமதளம். அங்கே நின்று உங்களை நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அதற்கு மேல் இருப்பது நடை அல்ல, ஏற்றம். கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கடினமான இடத்தில் கயிறு இருக்கிறது. பாறை தேய்ந்து வழவழப்பாக இருப்பதால் காலணியின் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்க வேண்டும். மேலே இரும்புச் சிலுவை நிற்கும் இடத்தோடு பாதை முடிகிறது. உண்மையான உச்சி அதற்கும் அப்பால், யாரும் போவதில்லை.

ஏறுவதை விட இறங்குவதுதான் சிரமம். முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குங்கள். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் சமதளத்தோடு திரும்பிவிடுங்கள். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இருந்தும் இரண்டு முறை அங்கிருந்து திரும்பியிருக்கிறார். முழு ஏற்றம் இறக்கத்துக்கு நான்கு மணி நேரம் வையுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே கடையும் இல்லை, நிழலும் இல்லை. சமதளம் வரை துணையின்றிப் போகலாம், அதற்கு மேல் வழிகாட்டியோடு போவதே புத்திசாலித்தனம்.

பதினோரு மணிக்குக் கீழே வந்ததும் மலையடிவாரப் பொதுக் கடற்கரையில் விழுந்து கிடங்கள். அன்றைக்கு வேறு ஒன்றும் கிடையாது.

மூன்றாம் நாள்: கடல்

காலை ஆறரைக்குத் தாமரின் விரிகுடாவிலிருந்து படகு. டால்பின்கள் விடியலில் கரைப்பக்கம் வந்துவிட்டு, பிறகு ஆழ்கடலுக்குப் போய்விடும். அவற்றோடு நீந்தலாம் என்று விளம்பரம் செய்வார்கள். ஒரு கூட்டம் தென்பட்டதும் பத்துப் படகுகள் வளைத்துக்கொள்வதும், ஐம்பது பேர் தொபுக்கடீர் என்று குதிப்பதும் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. படகிலேயே இருந்து, எட்ட நின்று பார்க்கலாம் என்று முதலிலேயே பேசி வையுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்களும் இந்தக் கடல் வழியே போகும். அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சுவது தெரியும்.

அதே படகு ஈல் ஓ பெனித்தியே தீவுக்குப் போகும். வழியில், தண்ணீருக்கு நடுவே குட்டையான காளான்போல் நிற்கும் பாறை ஒன்று உண்டு. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மீன் பார்க்க அந்தப் பக்கம் நிறுத்துவார்கள். முதல்முறை செய்கிறவர்கள் இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் நனைத்து, வாயால் மூச்சுவிட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாது என்றால் வெட்கப்படாமல் மிதவை அங்கியைக் கேட்டு வாங்குங்கள். படகுக்குப் பணம் கட்டும்போதே எல்லோருக்கும் மிதவை அங்கி இருக்கிறதா, மதியச் சாப்பாட்டில் என்ன, காற்று மிகுந்தால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் கேளுங்கள். சைவர்கள் "வெஜிடேரியன்" என்று அழுத்திச் சொல்ல வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் தட்டில் மீன் வரும்.

ஆழ்கடல் சிலிண்டர் முக்குளிப்பில் ஆசை உள்ளவர்கள் அதையும் இந்த நாளிலேயே செய்துவிட வேண்டும். முக்குளித்து ஒரு நாள் கழியாமல் விமானம் ஏறக் கூடாது, உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். கிராண்ட் பேயில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கடலடியில் நடக்கிறார்களே, அதற்கு நீச்சல் வேண்டாம். என் மாமியார் அறுபத்து நான்கு வயதில் நடந்தார்.

நான்காம் நாள்: வானத்தைப் பார்த்து முடிவு செய்யும் நாள்

இந்த நாளுக்கு இரண்டு திட்டம் வைத்திருங்கள். வானம் தெளிவாக இருந்தால் மலைப்பக்கம், மூடியிருந்தால் நகரம்.

மலைப்பக்கம் என்றால் ஷாமரேல். 80 மீட்டருக்கும் மேலிருந்து விழும் அருவியும், ஏழு நிற மண்ணும் ஒரே வளாகத்துக்குள். எரிமலைப் பாறை சிதைந்து மண்ணாகும்போது இரும்பு ஆக்சைடு சிவப்பையும், அலுமினிய ஆக்சைடு நீலம், ஊதா சாயலையும் தந்திருக்கிறது. மேகமூட்டத்தில் எல்லாம் செங்கல் நிறமாகத் தெரியும், அதனால்தான் வெயில் நாளாகப் பார்த்துப் போகச் சொல்கிறேன். அங்கிருந்து பிளாக் ரிவர் தேசியப் பூங்கா வழியே மேலே ஏறினால் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடைகள் உண்டு. 1974-ல் உலகத்திலேயே நான்கு மட்டும் எஞ்சியிருந்த மொரிஷியஸ் வல்லூறு மீண்டு வந்தது இந்தக் காடுகளில்தான். பாதை கங்கா தலாவோ என்ற எரிமலை ஏரிக்குக் கொண்டுபோய் விடும். 33 மீட்டர் சிவன் சிலையைப் பனிமூட்டத்தில் பார்ப்பதே அழகு. மேல் சட்டை எடுத்துப் போங்கள், அங்கே குளிரும்.

நகரம் என்றால் போர்ட் லூயிஸ். காரை விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள். கியூர்பிப்பிலிருந்து கத்ர் போர்ன், ரோஸ் ஹில் வழியாக ஓடுகிறது. முதலில் ஆப்ரவாசி காட், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறை. 1834 நவம்பர் 2 அன்று முதல் ஒப்பந்தக் கூலிகள் இந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் ஏறிய பதினாறு கல் படிகள் இன்னும் இருக்கின்றன. சென்னையில் கப்பலேறியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு நூறு ஆண்டுகள் முன்பே, 1735-ல் ஆளுநராக வந்த லபூர்தொனே காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் இந்த நகரத்தைக் கட்டக் கை கொடுத்தார்கள். அனுமதி இலவசம். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு மத்தியச் சந்தை. பசியோடு போங்கள். தோல் பூரி என்பது நம் பருப்புப் போளியிலிருந்து வெல்லத்தை எடுத்துவிட்டதுபோல். வேகவைத்த கடலைப்பருப்பைப் பொடித்து உள்ளே வைத்துத் தேய்த்திருப்பார்கள். விற்கிற அம்மாவின் கையைப் பாருங்கள்: துணியை விலக்கி இரண்டு பூரியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஒரு கரண்டி மொச்சைக் குழம்பு, ஒரு கரண்டி தக்காளித் தொக்கு, பச்சை மிளகாய்ச் சட்னி, சுருட்டிக் காகிதத்தில் மடித்து நீட்ட ஐந்து நொடி. எப்போதும் ஜோடியாகத்தான் விற்பனை. "அன் பேர்" என்று கேளுங்கள். காரம் வேண்டாமென்றால் "சான் பீமா". கூடவே காத்தோ பீமா என்று உருண்டையாகப் பொரித்து வைத்திருப்பார்கள். கடித்ததும் தெரிந்துவிடும், நம் பருப்பு வடை. காய்கறிப் பகுதியில் சற்று நின்று காதைக் கொடுங்கள். முருங்கைக்கீரை மூரூம் ஆகியிருக்கும், பீர்க்கங்காய் பிப்பங்காய், கறிவேப்பிலை கரிபுலே. மொழி போன வீடுகளிலும் அடுக்களைச் சொல் போகவில்லை.

எந்தத் திட்டமானாலும் மாலையில் கத்ர் போர்ன் வந்து, கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்கு ஏறுங்கள். எல்லோரும் கோவில் மோந்தாஞ் என்பார்கள், மலைக்கோவில்தான். படிகளில் நின்றால் கீழே ஊர் முழுக்க விளக்கேற்றுவது தெரியும். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை, அன்று இந்தப் படிகளில் காவடிகளால் கால் வைக்க இடமிருக்காது. அர்ச்சகரிடம் "வணக்கம்" என்று தொடங்குங்கள். திருவிழா நாளாக வாய்த்தால் வாழையிலையில் செத் காரி, அதாவது ஏழு கறிச் சாப்பாடு கிடைக்கும். பூசணி, வாழைக்காய், பலாக்காய் என்று வந்து, ரஸோன் என்ற பெயரில் நம் ரசமும் வரும். கும்பகோணத்து நாக்குக்குப் புளிப்பு சற்றுத் தூக்கல்.

ஐந்தாம் நாள்: விமான நிலையத்தின் பக்கத்திலேயே

இரவு விமானம் என்றால் இந்த நாள் வீணாகாது. காலையிலேயே அறையைக் காலி செய்து, பெட்டிகளோடு தென்கிழக்குக்கு வந்துவிடுங்கள். மாஹேபூருக்கு அருகில், கரையிலிருந்து படகில் சில நிமிடம் போனால் ஈல் ஓஸ் எக்ரெத், 26 ஹெக்டேர் காப்புத்தீவு. வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், முன்பதிவு வேண்டும். அழிந்துபோன டோடோ பறவையின் காலத்துக் கரையோரக் காடு எப்படி இருந்திருக்கும் என்பதை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் காட்டுகிறார்கள். பாதைக்குக் குறுக்கே ராட்சத ஆமை படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நின்றே ஆக வேண்டும். என் அண்ணன் மகன் ஒருமுறை கால் மணி நேரம் நின்றான், அந்தப் பயணத்தில் அவனுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

பிறகு ப்ளூ பே. கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் இடம். பவளத்தைப் பார்க்க இதைவிட எளிய இடம் இல்லை. கண்ணாடி அடிப்பாகப் படகில் பாட்டிகளும் பார்க்கலாம். பவளத்தின்மேல் நிற்காதீர்கள். சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், தீவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. தெற்கே கிரி கிரி பக்கம் போக நேரம் இருந்தால் அலையைப் பார்த்துவிட்டு வாருங்கள், இறங்கக் கூடாது. அங்கே பாறை வளையம் இல்லை, கடல் நேரே மோதுகிறது.

ப்ளூ பேயிலிருந்து விமான நிலையம் கால் மணி நேரம். நான்கு மணிக்கெல்லாம் கரையேறி, உப்பைக் கழுவி, துணி மாற்றிக்கொள்ளுங்கள். ஈரத் துணிக்கென்று கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றைக் காலையிலேயே பெட்டியின் மேலாக எடுத்து வையுங்கள். ரப்பர் காலணியை எனக்கே விட்டுச் செல்லலாம். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழு ஜோடி இருக்கிறது, அடுத்து வருகிறவர்களுக்கு அளவு சரியாக இருந்தால் ஒரு செலவு மிச்சம்.